கெமிஸ்ட்ரி படிப்புக்கு எத்தனை பாயிண்ட்?

இந்த ஜூன் முதல் நம் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி வேலையைப் பார்க்கப்போகும் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அதற்கு இன்னும் காலம் கிடக்கிறது. மகன் இன்னும் எல்.கே.ஜி.க்கே போகவில்லை. கணவருக்கு வேலை வேறு ஊருக்கு மாறியதால் நானும் இடமாறுதல் வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன். அந்த வழிகாட்டி மேசையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். அறிவுரை சொல்வது ஓய்வு பெற்றவர்களுக்கு உள்ள சலுகை. அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

விண்ணப்பம் எப்படிப் போடுவது, எந்தச் சான்றிதழ் எப்போது வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும். நான் சொல்ல நினைப்பது அதற்குப் பிறகு வருவது. ஓர் அப்பா எதிரே வந்து உட்காருவார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இதுல சேத்தா புள்ளைக்கு இன்னா கெடைக்கும் டீச்சர்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். எனக்கு அது தெரியாமலே சில வருடங்கள் ஓடிவிட்டன.

என்னைப் பற்றிப் பள்ளியில் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். காஸ் அடுப்பை அணைத்தேனா என்று, பள்ளிக்கு வரும் பஸ் தியாகதுருகம் தாண்டுவதற்குள் வீட்டுக்குப் போன் செய்கிறவள். கல்லூரி அலுவலகத்தில் கட்டணம் கேட்டுவிட்டு, சரியாகத்தான் கேட்டோமா என்று மறுபடி போன் செய்கிறவள். ஒரு கல்லூரியில் என் குரலைக் கேட்டதுமே "அதே கட்டணம்தான் மேடம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். நம் பிசிக்ஸ் மிஸ் என்னைப் பற்றிச் சொல்வது: "இவங்ககிட்ட யோசனை கேட்டுட்டுப் போற புள்ள, பதில் வர்றதுக்குள்ள பி.எச்டி. முடிச்சுடும்."

நான் கெமிஸ்ட்ரி ஆசிரியை என்பதால், கெமிஸ்ட்ரி படிக்க ஆசைப்படும் பிள்ளைகளை எல்லோரும் என்னிடம்தான் அனுப்புவார்கள். இந்தப் படிப்பில் ஒரு சிக்கல் உண்டு. நர்சிங் படித்தால் நர்ஸ், பி.எட். முடித்தால் டீச்சர் என்று வீட்டில் சொல்லிவிடலாம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்றால் என்ன சொல்வது? சர்க்கரை ஆலை ஆய்வகத்துக்குப் போகலாம், மருந்து கம்பெனிக்குப் போகலாம், தண்ணீர் பரிசோதனைக்குப் போகலாம், மேலே எம்.எஸ்சி. படித்து ஆசிரியராகலாம். 'லாம், லாம்' என்று சொல்லிக்கொண்டே போனால் எதிரே இருப்பவருக்கு எதுவுமே நிச்சயமில்லை என்று படும். ஆகவே போட்ட பணம் எப்போது, எந்த வழியில் திரும்பும் என்பதை நாம் முதலில் நமக்குள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்காக ஒரு கோடை விடுமுறையில் சுற்றுவட்டாரக் கல்லூரிகளை நேரில் பார்க்கக் கிளம்பினேன். ஒரு தனியார் கல்லூரியில் என்னை ராஜமரியாதையோடு சுற்றிக் காட்டினார்கள். ஏசி வகுப்பு, பெரிய திரை, நுழைவாயிலில் செயற்கை நீரூற்று. கெமிஸ்ட்ரி ஆய்வகத்தைத் திறந்ததும் மனதில் ஏதோ நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை. எல்லாம் பளபளவென்று இருந்தது. வெளியே வந்த பிறகுதான் புரிந்தது: அங்கே வாடையே இல்லை. பியூரெட்டுகளில் கடைக்காரர் ஒட்டிய லேபிள் அப்படியே இருந்தது. கல்யாணச் சீர்ப் பாத்திரம் மாதிரி புழங்காமல் வைத்திருக்கிறார்கள். அங்கே பஸ்ஸுக்கு மட்டும் வாங்கும் பணத்தில் கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரியில் ஒரு பிள்ளை படிப்பையே முடித்துவிடும். அந்த அரசுக் கல்லூரி ஆய்வகத்தின் மேசையெல்லாம் அமிலம் தின்ற தழும்பு. உள்ளே போனதும் மூக்கு அரித்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதைச் சொன்னபோது பிசிக்ஸ் மிஸ், "நல்ல காலேஜ் எதுன்னு மூக்கை வெச்சே கண்டுபிடிக்கறீங்க. அப்ப உங்களுக்கு ஜலதோஷம் புடிச்சா புள்ளைங்க கதி?" என்றார்.

ஆனால் குறைந்த கட்டணமும் நாறும் ஆய்வகமும் மட்டும் போதாது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து விடுதியில் தங்கி நம் பள்ளியில் படித்த ஒரு மாணவியிடம், அரசுக் கல்லூரிதான் உனக்கு லாபம் என்று பெருமையாக விளக்கினேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிஸ், எங்க ஊர்லேந்து மொத பஸ்ஸு கீழ எறங்கறதுக்குள்ள உங்க கெமிஸ்ட்ரி வகுப்பு முடிஞ்சு பசங்க டீ குடிக்கப் போயிருப்பாங்க" என்றாள். மலைப் பிள்ளைகளுக்குக் கட்டணத்துக்கு முன்னால் விடுதியைக் கேளுங்கள். அவளுக்கு விடுதி கிடைத்தது. அதனால் படிப்பும் கிடைத்தது.

இப்போது ஏழுமலை அண்ணன் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நைனார்பாளையத்தில் குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிறவர் அவர். அவருடைய மகள் சந்தியா என் வகுப்பு மாணவி. மாவுப்பொருளில் அயோடின் விட்டால் நீலமாகும் என்று ஒருநாள் செய்து காட்டினேன். எல்லோரும் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சந்தியா மட்டும், "மிஸ், எங்கப்பா கிழங்குலயும் இப்பிடி வருமா? நல்லா முத்துன கிழங்குன்னா ஜாஸ்தி நீலமா வருமா?" என்று கேட்டாள். மறுநாள் டிபன் பாக்ஸில் சோற்றுக்குப் பதிலாகக் கிழங்கு வந்தது. இளசு, முற்றல், மழையில் நனைந்தது என்று வகை வகையாக. அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவளுக்கு வேறு எந்தப் பாடத்தின் மீதும் கண் போகவில்லை.

நீங்கள் இந்த ஊர்ப்பக்கம் புதிது என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரவள்ளியை ஜவ்வரிசி ஆலைக்குத்தான் விற்பார்கள். கிழங்கில் எவ்வளவு மாவு நிற்கிறது என்று ஆலையில் சோதித்துப் பார்த்து இத்தனை பாயிண்ட் என்பார்கள். பாயிண்ட்டை வைத்துத்தான் விலை. நெல்லைப் போல இதை அறுத்து மூட்டை கட்டி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது; பிடுங்கியதுமே கெட ஆரம்பித்துவிடும். ஆனால் பிடுங்காமல் நிலத்திலேயே விட்டுவைக்கலாம். விலை சரியில்லை என்றால் இந்தப் பக்கத்து விவசாயி கவலைப்படுவதில்லை; "நெலத்துலயே கெடக்கட்டும்" என்று விட்டுவிடுவார். இங்கே அது பெரிய சாமர்த்தியம்.

ஏழுமலை அண்ணன் முதல் தடவை பள்ளிக்கு வந்தபோதே கேட்டார். "பாப்பா கெமிஸ்ட்ரிதான் படிப்பேன்னு நிக்குது. படிக்கட்டும். இந்தப் படிப்பு எத்தினி பாயிண்ட் நிக்கும் டீச்சர்?"

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. கடமையுணர்ச்சி பொங்கிவிட்டது. அரசுக் கல்லூரியைப் பற்றிச் சொன்னேன். தனியார் கல்லூரியைப் பற்றிச் சொன்னேன். கடலூர்ப் பக்கம் மருந்து கம்பெனிகள் எடுப்பதைச் சொன்னேன். எம்.எஸ்சி. வரை போனால்தான் முழுப் பலன் என்றேன். அரசுக் கல்லூரிதான் நல்லது என்று முடித்துவிட்டு, மனது கேட்காமல், "இருந்தாலும், தனியார்ல சில பேருக்கு வேலை வாங்கித் தர்றதா சொல்றாங்க. அதையும் பாருங்க" என்றேன். கவுன்சிலிங்கைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முதல் சுற்று ஒன்று நடக்கும், இடம் மிச்சமிருந்தால் இரண்டாவது சுற்றும் நடக்கும் என்று.

அவர் திரும்பத் திரும்ப வந்தார். அதே கேள்வி. நானும் அதே பதிலை, இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு, முகத்தில் ஒரு திருப்தியோடு எழுந்து போனார். எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார், எல்லாப் பெற்றோரும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

சந்தியாவுக்கு அரசுக் கல்லூரியில் முதல் சுற்றுக்கே அழைப்பு வந்தது. அன்று காலை நான் பள்ளியில் இருந்தேன். மகனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வரவில்லை. அவனுக்கு லேசாக உடம்பு சுட்டது. வேறு வழியில்லாமல் பள்ளிக்கே தூக்கி வந்திருந்தேன். மருந்து கொடுத்தது சரியான அளவா என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சந்தியா போன் செய்தாள்.

"மிஸ், அப்பா கெளம்பவே இல்ல. கேட்டா, ரெண்டாவது கவுன்சிலிங்குக்குப் போவலாம்ங்கறாரு. என் சர்டிபிகேட்டெல்லாம் அவரு பையில கீது. நெலத்துக்குப் போயிட்டாரு."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அரசுக் கல்லூரியில் கெமிஸ்ட்ரிக்கு இரண்டாவது சுற்று என்பது பேச்சுக்கு இருப்பது. குறைந்த செலவில் இந்தப் படிப்பு வேண்டும் என்கிற இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்து நிற்கிற இடம் அது. அன்று விட்டால், ஒன்று சந்தியா வேறு ஏதோ பாடத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் செயற்கை நீரூற்றுக் கல்லூரிக்கு அவள் அப்பா கடன் வாங்க வேண்டும்.

பிசிக்ஸ் மிஸ் ஸ்கூட்டியை எடுத்தார். நான் பையனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். போகிற வழியெல்லாம், ஒரு குடும்ப விஷயத்தில் இவ்வளவு தலையிடலாமா, தலைமையாசிரியையிடம் சொல்லாமல் வந்தது தப்பா, பையனுக்குக் காற்று படுமோ என்று பேசிக்கொண்டே போனேன். "இதையெல்லாம் ரெண்டாவது சுற்றுல யோசிக்கலாம்" என்றார் அவர்.

ஏழுமலை அண்ணன் வரப்பில் நின்று ஒரு மரவள்ளிச் செடியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்டிபிகேட் பை மொபெட்டில் தொங்கியது. சந்தியா அதன் பக்கத்திலேயே, புதுச் சுடிதாரில், தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க டீச்சர். பையனையும் கூட்டிக்கினு வந்துட்டீங்களா? வெயிலு."

"அண்ணா, இன்னிக்குக் கவுன்சிலிங். சந்தியா பேரைக் கூப்பிட்டுடுவாங்க."

"தெரியுங்க. பாப்பா காலைலேந்து சொல்லிக்கினேதான் கீது. மொத வெலைக்கே போய் வுழுந்தா எப்படிங்க? நெலத்துலயே கெடக்கட்டும். ரெண்டாவது சுத்து வரும்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னது இவங்கதான்" என்றார் பிசிக்ஸ் மிஸ். "விட்டா மூணாவதும் சொல்லுவாங்க."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருடைய மொழியிலேயே பேசிவிடலாம் என்று நினைத்தேன். "அண்ணா, இந்த சீட்டு நெலத்துல இருக்கற கிழங்கு இல்ல. புடுங்கி லாரில ஏத்தியாச்சு. பொழுது ஏற ஏற பாயிண்ட் எறங்கும்."

அவர் சிரித்துவிட்டார். "கெழங்க நான் பாத்துக்கறேன் டீச்சர். நீங்க படிப்பச் சொல்லுங்க."

சந்தியா தலையைத் திருப்பிக்கொண்டாள். என் உதாரணத்துக்காக அவள் வெட்கப்பட்டதாகவே இன்றுவரை நினைக்கிறேன்.

அவர் செடியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார். என் இடுப்பில் இருந்த பையனைப் பார்த்தார். அவன் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். உங்க புள்ளையா இருந்தா இன்னிக்கு நீங்க இன்னா செய்வீங்க?"

என் வாயில் வழக்கம்போல நிறைய வந்து நின்றது. மருந்து கம்பெனி, எம்.எஸ்சி., தனியார் கல்லூரி, சில பேருக்கு வேலை. எல்லாமே உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. என் பிள்ளையின் உடம்புச் சூடு என் கையில் தெரிந்துகொண்டிருந்தது. அப்போது எனக்குப் பதிலில் ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

"இன்னிக்கே சேத்துடுவேன். அரசுக் கல்லூரிலதான், கெமிஸ்ட்ரிலதான்."



"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க டீச்சர்?" என்றார் அவர். கோபமே இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "நீங்க ஒவ்வொரு தபாவும் இழுத்துக்கினே போனீங்க. எங்க புரோக்கரு அப்படித்தான். மேல வெலை வரப்போவுதுன்னு தெரிஞ்சா நேராச் சொல்ல மாட்டான், இழுப்பான். அவன் மூஞ்சி இழுக்கறதப் பாத்துத்தான் நாங்க கெழங்க வுட்டு வெப்போம். டீச்சரும் இழுக்குறாங்களே, பின்னால ஏதோ நல்லதா வர்ற மாதிரி கீதுன்னு நானும் வுட்டு வெச்சேன்."

பிசிக்ஸ் மிஸ் பக்கத்து வயலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் விவரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து விலையைக் கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. எதிரே வந்து உட்காருகிற பெற்றோருக்கு எல்லாத் தகவலையும் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். ஆனால் கடைசியில் உங்கள் மனதில் இருப்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நாளைக்கு அது தப்பாகிப்போனால் அவர் உங்கள் வாசலுக்கு வந்து கேட்பார். கேட்கட்டும். அந்தப் பயத்தில்தான் நான் இழுத்தேன் என்பது எனக்கே அந்த வரப்பில்தான் தெரிந்தது. தகவல் சொன்னால் பொறுப்பு அவருக்கு, முடிவு சொன்னால் பொறுப்பு எனக்கு. அவ்வளவுதான் கணக்கு.

பையனைப் பிசிக்ஸ் மிஸ் வாங்கிக்கொண்டார். நானும் அப்பாவும் மகளும் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. சந்தியா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்த சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மேசையில் இருந்த பேராசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஓரமா நில்லுங்க. எல்லாரையும் கூப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தா பாக்கலாம்" என்றார். நின்றோம். எங்களுக்கு முன்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். மற்றவர்களுடைய பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்து அவ்வளவு வருத்தப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

நடுவில் பிசிக்ஸ் மிஸ் போன் செய்தார். "காய்ச்சல் கம்மியாயிடுச்சு. உங்க பையன் என் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு ஆய்வகத்துல தூங்கறான். வாடை ஒண்ணும் அவனுக்குத் தொந்தரவா இல்ல."

கடைசியாக எங்களைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெமிஸ்ட்ரில இங்கிலீஷ் மீடியம் முடிஞ்சுபோச்சு. தமிழ் மீடியத்துல ஒண்ணு இருக்கு. வேணாம்னா பாட்டனி இங்கிலீஷ் மீடியம் தரலாம். யோசிச்சுச் சொல்லுங்க, அதுக்கு ரொம்ப நேரமும் இல்ல."

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்கிறார் என்பது தெரிந்ததும் எனக்குக் கன்னம் விறைத்துவிட்டது. மேற்படிப்பு ஆங்கிலத்தில் இருக்குமே, முதல் வருடம் சிரமப்படுவாளே, மருந்து கம்பெனி நேர்முகத்தில் என்ன மொழியில் கேட்பார்கள் என்றெல்லாம் உள்ளே ஓடியது. தமிழ் மீடியத்திலேயே சேர்க்கச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

நான் பேசுவதற்குள் சந்தியா மேசைக்கு ஒரு அடி முன்னால் போய்விட்டாள்.

"கெமிஸ்ட்ரி குடுங்க சார். இங்கிலீஷ் நான் கத்துக்குவேன்."

அவள் அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பேராசிரியர் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்து எதிர்ச்சாரியில் இருந்த துணிக்கடையில் லேப் கோட் கேட்டோம். கடைக்காரர் சந்தியாவைக் கண்ணாலேயே அளந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் போட்டுப் பார்த்தாள். தைத்து எடுத்த மாதிரி சரியாக இருந்தது. ஏழுமலை அண்ணன் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தார்.

"இது பத்தாது. பெருசு ஒண்ணு குடுங்க."

"அப்பா, இதுவே சரியாத்தான் கீது. நான் இதுக்கு மேல வளர மாட்டேன்பா."

"யாரு சொன்னா?" என்றார் அவர், கடைக்காரரிடம் கையை நீட்டியபடி.